ரசாயனப் பேராசிரியரின் வாத்தியக் குழு

ரசாயனம் பயிலும் நண்பர்கள் ஆல்டால் வினையை அறிவார்கள். 1872-இல் அதனைத் தனித்தனியே கண்டறிந்தவர் இருவர். ஒருவர் பிரான்சு நாட்டு வூர்ட்ஸ். மற்றவர் ருஷியாவின் அலெக்ஸாந்தர் போரோதின். இந்தப் போரோதின்தான் இசையுலகம் போற்றும் போரோதினும் என்பதை எம்.எஸ்ஸி.யில் சேர்ந்த பின்னரே நான் அறிந்தேன். பெயர் ஒற்றுமை என்றல்லவா அதுவரை எண்ணியிருந்தேன்!

1833-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஜார்ஜியப் பிரபு ஒருவருக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர் அவர். ஊர் வாய்க்கு அஞ்சிப் பண்ணையடிமை ஒருவரின் மகனாகப் பதிவு செய்துவிட்டார்கள். இளமையிலேயே புல்லாங்குழலும் பியானோவும் கற்றார். 1850-இல் மருத்துவ அகாதெமியில் சேர்ந்தார். நைட்ரோபென்சீனிலிருந்து அனிலீனைப் பெற்றுக் காட்டிய ஸீனின்தான் அங்கே அவருடைய ஆசான். மாணவனின் பொழுது பாட்டில் கரைவதைக் கண்டு ஸீனின் கண்டித்ததுண்டு. பயன் இல்லை.

1864-இல் போரோதின் அங்கேயே பேராசிரியரானார். ஆய்வுக்கூடத்தை அடுத்தே வீடு. நண்பர்களோடு பியானோவில் அமர்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து, குடுவையில் ஏதேனும் பொங்கி வழிகிறதா என்று பார்க்க ஓடுவாராம். போகும் வழியெல்லாம் ராகம் இழுத்துக்கொண்டே! இசை அமைக்க விடுமுறையோ நோயோ வரவேண்டும். ஆகையால் அவருக்கு உடல்நலம் கெடட்டும் என்று நண்பர்கள் வேடிக்கையாக வாழ்த்தினார்கள்.

இவ்வளவு நெருக்கடியிலும் அகாதெமி மாணவர்களின் வாத்தியக் குழுவையும் பாடற்குழுவையும் முன்னின்று நடத்தியவர் அவரே. மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள். அவர்களுக்குக் கோல் பிடித்தவரோ ரசாயனப் பேராசிரியர். நம் கச்சேரியில் வித்துவான் தம் தொடையிலேயே தாளம் போட்டுக்கொள்கிறார். அங்கே அத்தனை பேருடைய மூச்சும் வில்லும் ஒரே கோலுக்கு அடங்கவேண்டும். பழகாத கைகளை அவ்வாறு இணைப்பது எளிதன்று.

சங்க விழாவுக்கு ஒத்திகை என்றால் ஆய்வுக்கூடத்தில் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. போரோதின் இசையை ஒருமனமாகப் பற்றியிருந்தால் இன்னும் எவ்வளவோ படைத்திருப்பார் என்பவர்களும் உண்டு. நஷ்டம் உண்மைதான். ‘இளவரசர் ஈகோர்’ என்னும் இசை நாடகத்தை 1869-இல் தொடங்கியவர், பதினெட்டு ஆண்டுகளாகியும் முடிக்கவில்லை. 1879-இல் அதன் நடனப் பகுதி மேடையேற நாள் நெருங்கியது. வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியாகவில்லை. ரிம்ஸ்கி-கோர்ஸகோவும் லியாதவும் உடனிருந்து இரவெல்லாம் பென்சிலால் எழுதினார்கள். எழுத்து அழியாதிருக்கப் போரோதின் தாள்களுக்கு ஜெலட்டின் பூச, அவற்றைத் துணிபோலக் கொடியில் உலர்த்தினார்கள். ரசாயனமும் சங்கீதத்துக்கு உதவிற்று! அவருடைய பொழுதைத் தின்றவை கூட்டங்களும் குழுக்களும்தான், மாணவர்களின் ஒத்திகை அன்று என்பதே என் கட்சி.

1887 பிப்ரவரி 27-இல், அகாதெமியின் நடன விருந்தில் பேசிக்கொண்டிருந்தவர் மாரடைப்பால் சாய்ந்தார். வயது 53. ஈகோரை ரிம்ஸ்கி-கோர்ஸகோவும் கிளாஸுனோவும் முடித்து 1890-இல் மாரின்ஸ்கி அரங்கில் மேடையேற்றினார்கள். தொடக்க இசையைப் போரோதின் முழுமையாக எழுதி வைக்கவில்லை. அவர் பியானோவில் வாசிக்கக் கேட்ட நினைவைக் கொண்டு கிளாஸுனோவ் அதை எழுதினார் என்று சொல்வதுண்டு.