அச்செழுத்தை வட்டமாக்கியவர்

குமுளியிலும் மூணாற்றிலும் வாளையாற்றிலும் கடைத்தெருவில் நடக்கும்போது, தமிழ்ப் பலகையையும் மலையாளப் பலகையையும் அருகருகே காண்கிறீர்கள். நம் எழுத்தில் நேர்கோடும் மூலையும் வளைவும் கலந்திருக்கும். மலையாள எழுத்தோ சுழன்று சுழன்று வட்டமாகவே ஓடும். மாற்றலாகிப் பாலக்காட்டுப் பக்கம் வந்த புதிதில், அந்தப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. அச்சில் அந்த வட்ட வடிவத்தை நிலைபெறச் செய்தவர் பெஞ்சமின் பெய்லி என்னும் ஆங்கிலேயர்.

பெய்லி 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள டியூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். சமயப்பணிக்காக 1816இல் மனைவி எலிசபெத்துடன் கேரளத்துக்கு வந்தார். கோட்டயத்தில் 1817இல் தொடங்கிய கல்லூரிக்கு முதல் முதல்வரானார். மலையாளத்தை ஆழ்ந்து கற்றார். விவிலியத்தை அம்மொழியில் பெயர்க்கும் பொறுப்பை ஏற்றார். பெயர்ப்பதற்குப் புலமை போதும். பெயர்த்ததைப் பலர் கையில் சேர்ப்பதற்கு அச்சகம் வேண்டுமே!

கேரள மண்ணுக்கு அச்சு புதிதன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் அச்சாயிற்று. அது தமிழ்நூல் என்பதை நீங்கள் மறத்தல் ஆகாது. ஆனால், மலையாளத்தின் முதல் அச்சுநூல் 1772இல் தொலைதூர ரோம் நகரில்தான் வெளிவந்தது. 1811இல் மலையாள நற்செய்தி நூல்கள் பம்பாயில் அச்சாயின. தன் மண்ணிலேயே தன் எழுத்து அச்சாவதைக் காண, அம்மொழி கொல்லத்து அச்சுக்குப் பின் ஏறத்தாழ 250 ஆண்டுகள் காத்திருந்தது.

1821இல் கோட்டயத்தில் அச்சகம் அமைந்தது. அச்சுப்பொறி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. மலையாள அச்செழுத்துகள் சென்னையிலிருந்து வந்தன. அவை சதுரப் பாங்கானவை. அவற்றின் அமைப்பில் பெய்லிக்கு நிறைவு ஏற்படவில்லை. ஆகவே தாமே எழுத்து வார்ப்பது என்று துணிந்தார். அத்தொழிலை அவர் யாரிடமும் பயின்றவர் அல்லர். கலைக்களஞ்சியத்தைப் படித்தே அதன் நுட்பங்களை அறிந்தார். உள்ளூர்த் தச்சரும் பொற்கொல்லரும் அவருக்குத் துணைநின்றனர். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் பழகிய கைகள் எழுத்துக்கும் உதவின. அவர்கள் பெயரைப் பாடநூல்கள் சொல்வதில்லை. எனக்கு அது பெருங்குறையாகவே தோன்றுகிறது.

அக்காலத்தில் ஓர் அச்செழுத்து எவ்வாறு பிறந்தது தெரியுமா? முதலில் எஃகுத் துண்டின் முனையில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றி எழுத்தைச் செதுக்குவர். அரம் சற்றே வழுக்கினாலும் பல நாள் உழைப்பு பாழ். அந்த எஃகு முனையைச் செம்புத் தகட்டில் அறைந்தால் பள்ளம் விழும். அப்பள்ளத்தில் ஈயக்கலவையை உருக்கி ஊற்றினால் எழுத்து கிடைக்கும். ஆங்கிலத்துக்கு எழுத்துகள் சில. மலையாளத்துக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். நாம் 'க்க' என்று புள்ளி வைத்து இரண்டு எழுத்தாக எழுதுவதை, அவர்கள் ஒன்றாகப் பிணைத்து ஒரே வடிவாக எழுதுவர். ஒவ்வொரு பிணைப்புக்கும் தனி அச்சு தேவைப்பட்டது.

இங்கே இன்னொருவரையும் அறிதல் நன்று. இத்தாலியின் பார்மா நகரில் வாழ்ந்த போதோனி (1740 – 1813), மலையாள முதல் நூலை அச்சிட்ட அதே ரோம் அச்சகத்தில் இளமையில் தொழில் பயின்றவர். அவர் ஆக்கிய ஆங்கில எழுத்துகளில் ஒரு கோடு தடித்திருக்கும். அடுத்த கோடு மயிரிழைபோல் மெலிந்திருக்கும். முனைகளில் சிறு பாதங்கள் இருக்கும். நூல் முகப்பிலும் இதழ்களின் பெயரிலும் பெரிதாக அச்சிட்டால் அவை கண்ணைக் கவரும். சிறிதாக்கினாலோ மெல்லிய கோடுகள் மங்கிப் படிப்பவரை வருத்தும். முகப்புக்கு ஏற்ற எழுத்து வேறு, பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு ஏற்ற எழுத்து வேறு. பெய்லிக்கு வேண்டியது பின்னது. அவர் மூலைகளை நீக்கி எழுத்தை உருட்டினார். ஓலையில் எழுத்தாணி சுழன்ற போக்கு ஈயத்திலும் வந்தது.

1824இல் சிறுவர்க்கான கதைநூல் ஒன்று கோட்டயத்தில் வெளிவந்தது. கேரளத்தில் அச்சான முதல் மலையாள நூல் அதுவே. முதல் நூல் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக வந்தது எனக்கு மகிழ்ச்சி. 1829இல் புதிய ஏற்பாடும், 1841இல் விவிலியம் முழுவதும் வெளிவந்தன. 1846இல் மலையாள–ஆங்கில அகராதியையும் 1849இல் ஆங்கில–மலையாள அகராதியையும் வெளியிட்டார். அடுத்த ஆண்டே தாயகம் திரும்பினார். 1871இல் இங்கிலாந்தில் காலமானார்.

1971இல் கேரள அரசு பிணைப்பெழுத்துகள் பலவற்றைப் பிரித்து எழுத்தைச் சீர்திருத்தியது. எழுத்தின் வட்டம் மட்டும் மாறவில்லை. நாளை பள்ளிக்கு வரும் வழியில் பேருந்தின் பலகையைப் பாருங்கள். நம் 'ப' மூன்று நேர்கோடுகளால் நிற்கும். மலையாளப் 'ப' சுழித்து வளையும். இரண்டையும் உங்கள் ஏட்டில் அருகருகே வரைந்து வாருங்கள்.