அரண்மனை அழைத்தது, மறவர் சீமை இழுத்தது!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். சோழர் காலத்துக் கற்கோயில் நிற்கும் ஊர். தொண்டைமான் சீமையில் அடங்கியிருந்த ஊர். அந்தத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டையை ஆளும் உரிமையைத் தந்தவர் யார்? இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி! தொண்டைமானின் உடன்பிறந்தாள் காதலியை மணந்தார், மைத்துனரை ஆளவைத்தார். மதுரை நாயக்கரின் பிடியை உதறித் தனியரசு கண்டவர் அவர். மறவர் சீமையின் மாவேந்தர் என்று அவரைப் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால், அந்த வேந்தரின் ஆணையால் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரிலே உருண்ட ஒரு தலையையும் நாம் மறந்துவிட முடியாது.

அந்தத் தலைக்கு உரியவர் ஜான் டி பிரிட்டோ. தமிழ்நாடு அவருக்கு இட்ட பெயர் அருளானந்தர்.

கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. அது வேறு மேடைக்கு உரியது. தாம் நம்பியதற்காக ஒரு மனிதர் எதைத் தாங்கினார், எதைத் தள்ளினார் என்பதே இன்று நாம் பேச வந்தது.

1647 மார்ச் முதல் நாள் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் பிறந்தார். ஏழைக் குடிலிலா? இல்லை, பிரபுக் குடும்பத்தில்! தந்தை பிரேசில் நாட்டுக்கு ஆட்சிப் பொறுப்பேற்றுச் சென்று அங்கேயே மறைந்தார். பிள்ளை அரண்மனையில், இளவரசன் பேதுருவின் தோழனாக வளர்ந்தான். பட்டாடை, பரிவாரம், பசியறியா வாழ்வு! அத்தனையையும் விட்டு 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். பின்னர், பெற்றவள் தடுத்தும் கேளாமல், 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இங்கே வந்தவர் கண்டது என்ன? சாதி! அனைவரும் ஒரே தந்தையின் மக்கள் என்று சொல்ல வந்த கூட்டத்தையே அது இரண்டாகப் பிளந்திருந்தது. மேற்சாதியாருக்குப் பிராமண சந்நியாசிக் கோலத்தில் ஒரு வகைக் குருமார். மற்றவருக்குப் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகை. பண்டாரசாமியானால் தாழ்த்தப்பட்டோர் வாயில் வரை செல்லலாம். பிரபு வீட்டுப் பிள்ளை பண்டாரசாமியானார். காவி உடுத்தினார், கோல் ஏந்தினார், புலால் விட்டார், தமிழ் கற்றார், ஊர் ஊராய் நடந்தார்.

1686இல் மறவர் சீமைக்குள் நுழைந்தார். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். சேதுபதியின் தளபதி விடுவாரா? மங்கலத்தில் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்தனர். கட்டிக் குளத்து நீரில் அமிழ்த்தினர், தூக்கினர், மீண்டும் அமிழ்த்தினர். கூர்முனைப் பாறையில் கிடத்தி மிதித்தனர். நம்பிக்கையை மறுத்தால் விடுதலை! மறுக்கவில்லை. இராமநாதபுரத்துக்குக் கொண்டு போனார்கள். சேதுபதி அவரை விசாரித்துவிட்டுக் கொல்லாமல் விட்டார். ஆனால், மீண்டும் இச்சீமையில் போதித்தால் உயிர் போகும் என்ற எச்சரிக்கையுடன்தான் விட்டார்.

உடலைத் தாக்கிய சோதனை இது. உள்ளத்தைத் தாக்கும் சோதனை கடல் கடந்து காத்திருந்தது.

மதுரைப் பணிக்களத்தின் நிலையை எடுத்துரைக்கச் சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1687இல் லிஸ்பன் சேர்ந்தார். விளையாட்டுத் தோழன் பேதுரு இப்போது மன்னன்! நண்பனின் உடலில் தழும்புகள். மன்னனின் கையிலோ பதவிகள். இளவரசனுக்கு ஆசானாக இரு, அரண்மனையில் தங்கு என்று வற்புறுத்தினான். தாயும் அங்கே இருந்தாள். இனி ஓய்வெடுத்தால் குறை சொல்வார் யார்? குளத்தில் அமிழ்த்தியவன் பகைவன் என்று தெரியும், எதிர்த்து நிற்கலாம். அன்போடு அணைத்து ஆசனம் போடுகிறவனை எப்படி எதிர்ப்பது? அடிக்கு அஞ்சாத எத்தனையோ வீரர்கள் பதவியின் வாசனைக்கு மயங்கியதை நாடு கண்டிருக்கிறதே!

அருளானந்தர் மயங்கவில்லை. வலிமை எங்கிருந்து வந்தது? அவர் ஓதிய மறைநூலில் ஒரு காட்சி உண்டு. நாற்பது நாள் உண்ணாதிருந்த ஏசுவை மலைமீது நிறுத்தி, உலகத்து அரசுகளை எல்லாம் காட்டி ஆசை மூட்டுகிறான் அலகை. ஏசு அவனை விரட்டுகிறார். அந்தக் காட்சியைப் படித்து முடித்து ஏட்டை மூடிவிடுகிறவர் பலர். இவரோ அதன்படி வாழ்ந்தார். பதவியை நாடமாட்டேன் என்பது இயேசு சபையார் எடுக்கும் உறுதிகளில் ஒன்று. 1690இல் மீண்டும் கப்பல் ஏறினார். மரணம் காத்திருக்கிறது என்று தெரிந்தே மறவர் சீமைக்கு வந்தார்.

அங்கே சிறுவல்லி தடியத்தேவன் கடும் நோயில் கிடந்தான். நலம் பெற்றதும் திருமுழுக்குக் கேட்டான். அரச குலத்தவன், மனைவியர் பலர். ஒருத்தியை மட்டுமே மனைவியாகக் கொள்ளலாம் என்றார் அருளானந்தர். குறுநில மன்னனின் மனத்தாங்கலுக்காக நெறியைச் சற்று வளைத்திருக்கலாம், வளைக்கவில்லை. தேவன் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு வாழ வழி செய்வதாகச் சொன்னான். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். சினந்து அரண்மனைக்கு ஓடினாள்.

கடலாயியைக் கொடியவள் என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. நமக்கு அதற்கு மனம் வரவில்லை. பலரில் ஒருத்தியாக அவளைக் கொண்டு வந்தது அவள் குற்றமா? ஒரு காலையில் மனைவியல்ல என்று ஆனவள் வேறு எங்கே போய் முறையிடுவாள்? குற்றம் அந்த வழக்கத்தினுடையது. 1710இல் சேதுபதி இறந்தபோது 47 மனைவியர் அவரது சிதையில் எரிந்ததாகப் பாதிரியார் கடிதம் ஒன்று கூறுகிறது. நாற்பத்தேழு உயிர்கள்! அந்த அரண்மனையின் காதில், ஒருவனுக்கு ஒருத்தி என்ற சொல் கலகமாக ஒலித்ததில் வியப்பென்ன?

1693 சனவரி 8ஆம் நாள் கைது செய்தனர். இராமநாதபுரத்தில் வெளிப்படையாக நாடுகடத்தல் என்றனர். மறைவாகப் போன ஓலையோ வேறு சொன்னது. ஓரியூரில் இருந்த சேதுபதியின் தம்பி உடையத்தேவனிடம் அனுப்பி, அங்கே முடித்துவிட ஆணை. சாவதற்கு முன் சிறையிலிருந்து சபைத் தலைவருக்கு மடல் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. பிப்ரவரி 4, வெட்டுப்பாறைக்கு நடந்தார். முழந்தாளிட்டுச் செபித்தார். வாள் வீழ்ந்தது. அகவை நாற்பத்தாறு கூட நிறையவில்லை.

1947இல் உரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஓரியூரின் செம்மண்ணை மக்கள் மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள்; அந்தக் குருதியால்தான் மண் சிவந்தது என்பது அவர்கள் நம்பிக்கை.

செய்தி லிஸ்பனை எட்டியபோது மன்னன் நன்றி வழிபாடு நடத்தினானாம். தடுத்தும் கேளாமல் கப்பலேறிய மகனின் தாயை அதற்கு அழைத்தான். கறுப்பு உடையில் வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். திருவிழா உடை உடுத்தி வந்தாள் அந்தத் தாய்.