சீழ் எங்கிருந்து வந்தது?

காலில் முள் ஏறி, இரண்டு நாள் அதைக் கவனிக்காமல் விட்டால், அந்த இடம் சிவந்து, வீங்கிச் சீழ் கட்டும். அந்தச் சீழ் எங்கிருந்து வருகிறது? இன்று பாடநூலில் ஒரே வரியில் விடை இருக்கிறது. 1860களில் அந்த விடைக்காக ஓர் இளம் மருத்துவர் தம் ஆசிரியரையே மறுக்க வேண்டியிருந்தது.

அவர் யூலியுஸ் கோன்ஹைம். 1839இல் பொமரேனியாவின் டெம்மின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1864ஆம் ஆண்டு டென்மார்க் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பின், பெர்லினில் ரூடால்ஃப் விர்கோவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். விர்கோ சாதாரண ஆசிரியரா? நோயின் வேர் உயிரணுவில்தான் இருக்கிறது என்று மருத்துவ உலகை நம்பவைத்தவர். சீழில் உள்ள அணுக்கள் காயம்பட்ட இடத்துத் திசுவிலேயே பெருகி உண்டாகின்றன என்பது அவர் கொள்கை.

கோன்ஹைம் ஒரு தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை, உள்ளே இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்தார். காற்றுப் பட்டதே அழற்சி தொடங்கப் போதுமானதாக இருந்தது. மணிக்கணக்கில் பார்த்தார். முதலில் குழாய்கள் விரிந்தன. பிறகு இரத்த ஓட்டம் தளர்ந்தது. சிவப்பணுக்கள் நடுவில் ஓடிக்கொண்டிருக்க, வெள்ளையணுக்கள் மட்டும் சிறு சிரைகளின் ஓரத்துக்கு ஒதுங்கி, உட்சுவரில் ஒட்டி, கல் பாவிய தரைபோல் நிறைந்து நின்றன. சற்று நேரத்தில் சுவரின் வெளிப்பக்கத்தில் மொட்டுபோல ஒரு புடைப்பு தெரிந்தது. அது பெருத்தது, காம்பில் தொங்கியது, பின் விடுபட்டது. வெளியே நின்றது ஒரு முழு வெள்ளையணு!

அதோடு அவர் விடவில்லை. தவளையின் உடலில் நீலச் சாயத்தைச் செலுத்தினார். வெள்ளையணுக்கள் அதை உள்வாங்கிக்கொண்டன. பிறகு கண்ணின் முன்பக்கத்தில் உள்ள, கண்ணாடி போன்ற படலத்தில் புண் உண்டாக்கினார். இரத்தக் குழாயே இல்லாத அந்தப் படலத்தில் நீலத் துகள் சுமந்த அணுக்கள் வந்து சேர்ந்திருந்தன. 1867இல் இதை வெளியிட்டார்.

நியாயமாகச் சொன்னால், அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் 1846லேயே தவளையின் நாக்கில் இதைப் பார்த்து எழுதியிருந்தார். அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. கோன்ஹைம் பார்த்ததோடு நிற்காமல் காரணமும் தேடினார். அழற்சியில் குழாய்ச் சுவரே மாறிவிடுகிறது, அதனால்தான் அணுக்கள் அங்கே ஒட்டுகின்றன என்றார்.

கீல், பிரெஸ்லாவ், லைப்சிக் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். 1876இல் அதிகம் அறியப்படாத கிராமப்புற மருத்துவர் ராபர்ட் கோக் பிரெஸ்லாவுக்கு வந்து ஆந்த்ராக்ஸ் கிருமியைக் காட்டியபோது, அதன் அருமையை உடனே உணர்ந்தவர்களில் இவரும் ஒருவர். கீல்வாதம் அவரை நெடுநாள் வாட்டியது. 1884இல் 45 வயதில் லைப்சிக்கில் காலமானார்.

குழாய்ச் சுவரைப் பற்றி அவர் சொன்னதன் முழு விவரம் தெரிய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அழற்சியின்போது சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் முளைத்து, ஓடும் வெள்ளையணுவைப் பிடித்து உருளச் செய்கின்றன. அடுத்து அணுவின் மேலுள்ள இன்டெகிரின் புரதங்கள் இறுகப் பற்றுகின்றன. அந்தப் பிடியே அணுவுக்கு ஒரு கட்டளை. ஒரே தூண்டுதலைக் கொடுத்தாலும், மிதக்கும் அணுவைவிட ஒட்டி நிற்கும் அணுதான் கிருமிக்கொல்லிப் பொருள்களை மிகுதியாக வெளியிடுகிறது. சில குழந்தைகள் இந்த இன்டெகிரின் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் வெள்ளையணுக்கள் இயல்பைவிட மிக அதிகம். ஆனாலும் கிருமி தொற்றிய அவர்களின் புண்ணில் சீழ் கட்டுவதில்லை; புண் ஆறுவதுமில்லை.