அழுவதால் சோகமா, சோகத்தால் அழுகையா? உளவியலைப் புரட்டிப்போட்ட வில்லியம் ஜேம்ஸ் யார்?

காட்டு வழியில் போகும்போது எதிரே ஒரு கரடி வருகிறது. பயம் வருது, அதனால ஓடுறோம். நம்ம எல்லோருடைய கணக்கும் இதுதான். ஆனால் அந்த வரிசையே தப்பு என்றார் ஒருவர். உடல்தான் முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை மனம் உணர்வதற்குப் பெயர்தான் பயம் என்று 1884-இல் எழுதினார். அவர்தான் அமெரிக்க உளவியலின் தந்தை எனப்படும் வில்லியம் ஜேம்ஸ்.

என்ன படிப்பது என்றே தெரியாத இளைஞர்

1842 ஜனவரி 11-இல் நியூயார்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். பிரபல நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி. முதலில் ஓவியராகப் போகிறேன் என்றார். அதை விட்டுவிட்டு ஹார்வர்டில் வேதியியல் சேர்ந்தார். பிறகு மருத்துவம். 1865-இல் அமேசான் ஆய்வுப் பயணத்துக்குப் போய், நோயில் விழுந்தார். 1869-இல் டாக்டர் பட்டம் கையில் இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட டாக்டராகத் தொழில் செய்யவில்லை.

உள்ளுக்குள் நடந்த போராட்டம்

முதுகுவலி, கண் பிரச்னை, கூடவே கடும் மனச்சோர்வு. வாழத்தான் வேண்டுமா என்ற எண்ணம் வரை போனார். மனிதன் வெறும் இயந்திரம், எல்லாம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது என்றால் முயற்சிக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி அவரை வாட்டியது.

1870 ஏப்ரலில் பிரெஞ்சு தத்துவ அறிஞர் ரெனூவியேவின் எழுத்தைப் படித்தார். மனிதனுக்குச் சுயமாகத் தேர்ந்தெடுக்கும் சக்தி உண்டு என்று நம்புவதையே தன் முதல் தேர்வாக வைத்துக்கொள்வது என டைரியில் முடிவெடுத்தார். மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால், திருப்பம் அங்கேதான் தொடங்கியது.

12 வருஷம் எழுதிய புத்தகம்

அடுத்த சில ஆண்டுகளில் ஹார்வர்டில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1878-இல் ஆலிஸ் கிப்பென்ஸைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு, இரண்டே வருஷத்தில் உளவியல் புத்தகம் தருவதாகப் பதிப்பாளரிடம் ஒப்புக்கொண்டார். முடிந்தது 1890-இல்! இடையில் 1885-இல், ஒன்றரை வயதுக் குழந்தை ஹெர்மனை கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தார்.

பழக்கம், கவனம், உணர்ச்சி, மன உறுதி என எல்லாவற்றையும் பேசும் அந்த இரண்டு தொகுதிகள், உளவியலை ஒரு தனித் துறையாக நிறுத்துவதில் பெரும் பங்கு வகித்தன. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது பழக்கமாகிறது, அந்தப் பழக்கமே குணமாகிறது என்பது அதன் முக்கியமான பாடம்.

அவர் சொன்னது சரியா?

டென்மார்க்கின் கார்ல் லாங்கே 1885-இல் இதே கருத்தைத் தனியாகச் சொன்னதால் இது ஜேம்ஸ்-லாங்கே கோட்பாடு ஆனது. ஆனால் ஹார்வர்டில் அவரிடம் படித்த வால்டர் கேனனே 1927-இல் இதை எதிர்த்தார். கோபத்திலும் நெஞ்சு படபடக்கும், பயத்திலும் படபடக்கும், அப்புறம் எது எதுன்னு மனசுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் வைத்த கேள்விகளில் ஒன்று.

விவாதம் இன்னும் முடியவில்லை. 19 நாடுகளில் 3,800-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், முகத்தில் சிரிப்பை வரவழைத்தால் மகிழ்ச்சி கொஞ்சம் கூடுவது தெரிந்தது. கொஞ்சம்தான். அதற்காக, சிரித்தால் மனச்சோர்வு போய்விடும் என்று அர்த்தமில்லை.

1910 ஆகஸ்ட் 26-இல் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தன் வீட்டில் ஜேம்ஸ் காலமானார். மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கு, மனசு பின்னாலேயே வரும் என்பதை வாழ்ந்து பார்த்தவர் அவர்.

(மன உளைச்சல் அதிகமாக இருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.)