நீலக் கண்கள் கேட்ட சிறுமி

1850களில் தோட்டத் தமிழர் நடுவே ஊழியம் செய்யத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் நம் மலைகளுக்கு வந்தார்கள். அந்தத் திருநெல்வேலிச் சீமையிலே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இந்த நூற்றாண்டு மலரில் நினைப்பது பொருத்தமே. 1894 இல் அவர் சிறிது காலம் இலங்கையிலும் தங்கியிருந்தார்.

1867 இல் வட அயர்லாந்தின் மில்ஐல் என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். தமக்குப் பழுப்பு நிறக் கண்கள் வாய்த்ததில் சிறுமி ஏமிக்குப் பெரும் குறை. ஓரிரவு நீலக் கண்கள் தரும்படி ஜெபித்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடி முன் ஓடிப் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள்தான். இல்லை என்பதும் ஒரு பதிலே என்று அன்று வீட்டில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். பல்லாண்டுகள் கழித்து, சேலை உடுத்து, தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு கோயில் சிறுமிகளைப் பற்றி விசாரிக்கப் போனபோது, நீலக் கண்கள் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும் என்பது அவர் சரித்திரத்தை எழுதியோர் கருத்து.

பதினேழு வயதில் தகப்பனாரை இழந்தார். பெல்ஃபாஸ்ட் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக உழைத்தார். பிறகு ஜப்பான், இலங்கை. 1895 இல் இந்தியா.

1901 இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பொட்டுக் கட்டி விடப்படும் பிள்ளைகளின் நிலைமையை அவள் வாயிலிருந்தே அறிந்த அம்மையார் அதன்பின் திரும்பிப் பார்க்கவில்லை. டோனாவூர் அவர் வீடாயிற்று. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் சுவிசேஷ வேலையா என்று உடன் ஊழியர் சிலர் கேட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்த நம் தாய்மாரிடம் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்!

பணத்துக்காக அவர் மனிதரிடம் கை நீட்டியதில்லை. தேவையை ஜெபத்தில் மட்டுமே சொல்வது அங்கே வழக்கம். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பராமரித்த பொன்னம்மாள் என்னும் இளம் விதவை அவருக்கு வலக்கை போன்றவர். அவருக்குப் புற்றுநோய் கண்டபோது எல்லாரும் மன்றாடினார்கள். 1915 இல் பொன்னம்மாள் காலமானார். மத்திய கிழக்கிலிருக்கும் அம்மா இந்தக் கிறிஸ்மசுக்காவது வரவேண்டும் என்று ஜெபித்துவிட்டு ஏமாந்து நின்ற நம் பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

1931 ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை, தம்மை ஊழியத்துக்கு இன்னும் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும்படி ஆண்டவரிடம் வேண்டினார். அன்று மாலையே களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. குணமாகும் என்றே நம்பினார்கள், ஆகவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த அறையும் கட்டிலுமே அவர் உலகம். வலியில் தூக்கமற்ற இரவுகள். ஏன் என்ற கேள்வி அவருக்கும் வந்தது. அதை மறைத்து வீர வசனம் பேசியவர் அல்லர். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் புத்திமதி அவருக்கு எரிச்சலூட்டியது. ஆகவே நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். 1933 இல் வெளியான அந்த நூல் பல நாடுகளில் படுக்கையில் கிடந்தோரைச் சென்றடைந்தது. பெரட்டுக்குப் போகுமுன் லயத்து வாசலில் நின்று ஒரு நிமிடம் கண்மூடி, பிறகு அதே முதுகு வலியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிய நம் அம்மாமாரின் ஜெபமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

பெண் பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவதை 1947 இல் மதராஸ் அரசு சட்டத்தால் தடுத்தது. அந்தச் செய்தி வந்தபோதும் அம்மையார் படுக்கையில்தான். 1951 ஜனவரி 18 ஆம் திகதி டோனாவூரில் காலமானார். கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. தாயை அழைக்கும் ஒரு தமிழ்ச் சொல் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது.