அட்மிரல் சாமர்வில்லும் இராப்போரும்

காக்கைக்குப் பகல் துணை. கூகைக்கு இரவு துணை. தன் வலியும் மாற்றான் வலியும் சீர்தூக்கிப் பொழுதைத் தெரிந்தெடுத்தல் படைத்தலைவர்க்கு இன்றியமையாத இலக்கணமாம். இதனை ஆகாயப் போரிற் கையாள முயன்றவருள் ஸர் ஜேம்ஸ் சாமர்வில் ஒருவர்.

1882-ம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், 1897-ல் கடற்படையிற் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தியில் வல்லுநரானார். 1939-ல் க்ஷயரோகங் காரணமாக ஓய்வு பெற்றார். எனினும் யுத்தம் மூண்டதும் மீண்டும் ஊழியத்திற் புகுந்து, ராடார்க் கருவியின் அபிவிருத்திக்கு உழைத்தார். 1941 மே மாதத்தில் இவர் படையைச் சார்ந்த ‘ஆர்க் ராயல்’ கப்பலின் விமானங்களே ‘பிஸ்மார்க்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலின் சுக்கானைச் சிதைத்தன.

1942 மார்ச்சு இறுதியில் இலங்கையிற் கீழ்த்திசைக் கடற்படையின் தலைமையை ஏற்றார். எதிரே வந்த ஜப்பானியத் தளபதி நகுமோவிடம் ஐந்து பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. சாமர்வில்லிடமோ பெரியவை இரண்டே. பகலில் எதிர்த்தால் அழிவு திண்ணம். ஆனால் இவருடைய ‘அல்பகோர்’ விமானங்கள் வேகத்திற் குறைந்தனவாயினும் ராடார் பூண்டவை; இருளிலும் கப்பலைத் தேட வல்லவை. ஆதலின் பகலில் விலகி நிற்பதும், இரவில் நெருங்கி டார்பிடோவால் தாக்குவதுமே இவர் வகுத்த உபாயம்.

உபாயம் நன்றே, வாய்ப்புத்தான் கிட்டவில்லை. ஏப்ரல் 5-ம் நாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று பிற்பகல், தலைவருடன் சேரத் தெற்கே விரைந்த ‘டார்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்னும் இரு கப்பல்களும் பட்டப்பகலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். இரவிற் பகைவரைத் தேடியும் காணவில்லை. 9-ம் நாள் திருகோணமலை தாக்குண்டது. விமானமின்றிச் சென்ற ‘ஹெர்மிஸ்’ மட்டக்களப்புக்கருகில் மூழ்கிற்று. இரவை நம்பிய தலைவர் தம் கப்பல்களைப் பகலிற் பிரிந்து செல்ல விட்டது பெருந்தவறென்பாருமுளர். ஆயினும் எஞ்சிய படையை வீண் வீரத்திற்குப் பலியிடாது காத்தமையை எவரும் மறுக்கவியலாது.

அதே யுத்தத்தில் ஐரோப்பாவில் ஆங்கிலேயர் பெரும்பாலும் இரவிலும், அமெரிக்கர் பகலிலும் ஜெர்மானிய நகரங்கள்மீது குண்டு வீசினர். இருளில் விமானிக்குக் காப்புண்டு, குறி தப்பும். பகலிற் குறி வாய்க்கும், காப்பில்லை. எங்கும் இதுவே சிக்கல்.

வலிமை மிகுந்தபின் சாமர்வில் தம் முறையை மாற்றினார். 1944 ஏப்ரல் 19 காலையில், அமெரிக்கரின் ‘சரடோகா’வும் துணை நிற்க, சுமத்திராவையடுத்த சபாங் துறைமுகத்தைப் பகலிலேயே தாக்கி வென்றார். அந்நாட்களில் நம் கோயமுத்தூரிலும் ‘கருடா’ என்னும் பெயரால் கடற்படை விமானங்களைச் செப்பனிடும் நிலையம் நடைபெற்றது. கீழ்க்கடற் போருக்கும் கொங்குநாட்டிற்கும் இங்ஙனம் ஒரு தொடர்பு உண்டு.

1949 மார்ச்சில் அன்னார் காலமானார். துணிவுடையோர் பலர், ஏற்ற பொழுது வருமளவும் பழிச்சொற் பொறுத்துக் காத்திருப்போர் சிலரே. மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.