உலகக் கிராமத்தின் முரண்களை முன்னறிந்த மார்ஷல் மக்லூஹன்

கனடாவின் ரொறன்ரோ நகருக்கு வடக்கே உள்ள றிச்மண்ட் ஹில், அங்குள்ள பிள்ளையார் ஆலயத்தின் காரணமாகத் தமிழர்கள் பலருக்கு நன்கு அறிமுகமான ஊர். அதன் தென் எல்லையை அடுத்த தோர்ன்ஹில் பகுதியில், யங் வீதியோரம் ஒரு கத்தோலிக்க மயானம் இருக்கிறது. தொலைக்காட்சி, விளம்பரம், திரைப்படம் ஆகியவற்றைத் தத்துவ ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக்கிய பேராசிரியர் மார்ஷல் மக்லூஹன் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவரது கல்லறையில் விவிலிய வசனம் ஒன்று கணினித் திரையின் எழுத்துக்களை நினைவூட்டும் வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது.

மக்லூஹன் 1911 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் திகதி கனடாவின் எட்மண்டன் நகரில் பிறந்தார். அவரது தாயார் ஊர் ஊராகச் சென்று மேடைகளில் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் ஒப்புவிக்கும் கலைஞர். மனிடோபா பல்கலைக்கழகத்தில் பயின்ற மக்லூஹன் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் கற்றார். 1937 இல் கத்தோலிக்கராக மதம் மாறினார். 1943 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பழைய இலக்கியத்தில் தேர்ச்சி பெற்ற இவரை வெகுசன ஊடகங்களின் பக்கம் திருப்பியது வகுப்பறை அனுபவமே. 1936 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, தம் மாணவர்களின் உலகம் தமக்குப் புரியவில்லை என்பதை அவர் உணர்ந்தார். அவர்கள் பார்த்த படங்களையும் விளம்பரங்களையும் படக்கதைகளையும் ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக 'த மெக்கானிக்கல் பிரைட்' என்ற அவரது முதல் நூல் 1951 இல் வெளியானது.

ஐரோப்பியச் சிந்தனையாளர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, திரைப்படமும் வானொலியும் மக்களை ஏமாற்றும் பண்பாட்டுத் தொழிற்சாலையின் விளைபொருட்கள் என்று வாதிட்டிருந்தனர். மக்லூஹனின் முதல் நூலிலும் அத்தகைய கண்டனம் உண்டு. ஆனால் கண்டனத்தோடு நிற்க அவர் விரும்பவில்லை. கடற்சுழியில் சிக்கிய மாலுமி ஒருவன் அதன் போக்கைக் கூர்ந்து கவனித்து உயிர்பிழைக்கும் எட்கர் அலன் போவின் கதையை அவர் தமது முறைக்கு உவமையாகக் கொண்டார்.

ரொறன்ரோவில்

1946 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் புனித மைக்கேல் கல்லூரியில் சேர்ந்த மக்லூஹனுக்கு, அங்கு பணியாற்றிய பொருளியல் வரலாற்றறிஞர் ஹரோல்ட் இன்னிஸின் எழுத்துக்கள் புதிய வழியைக் காட்டின. பேரரசுகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் அவை பயன்படுத்திய தொடர்பு முறைகளுக்கும் உள்ள உறவை இன்னிஸ் ஆராய்ந்திருந்தார்.

அச்சுக்கலை மனிதரின் சிந்தனையை எவ்வாறு மாற்றியது என்பதை விளக்கும் 'த குட்டன்பெர்க் கேலக்ஸி' 1962 இல் வெளியாகி, கனடாவின் ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றது. 1964 இல் வெளியான 'அண்டர்ஸ்டாண்டிங் மீடியா' அவரை உலகறியச் செய்தது. ஓர் ஊடகத்தின் வழியே வரும் தகவலைவிட, அந்த ஊடகமே மனிதரின் புலன்களிலும் சமூக உறவுகளிலும் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதே அதன் மையக் கருத்து. மின்விளக்கை அவர் உதாரணம் காட்டினார். அதற்குள் செய்தி எதுவும் இல்லை. ஆனால் இரவில் செய்யக்கூடியவை எவை என்பதை அது மாற்றிவிட்டது.

இக்கருத்து பிரான்சில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அங்கு ஜான் போத்ரியார் இதை விமர்சித்தும் எடுத்தாண்டும், பிம்பங்களே உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்ற தமது வாதத்தை வளர்த்தார். 1999 இல் வெளியான 'த மேட்ரிக்ஸ்' படத்தில் போத்ரியாரின் நூல் ஒரு காட்சியில் இடம்பெறுகிறது. மக்லூஹனோ தாமே திரையில் தோன்றினார். வூடி அலனின் 1977 ஆம் ஆண்டுப் படமான 'ஆனி ஹால்' இல், திரையரங்க வரிசையில் நின்று தம்மைப் பற்றி அளக்கும் பேராசிரியர் ஒருவரை அவர் நேரில் வந்து மறுக்கிறார்.

விமர்சனங்களும் இறுதிக்காலமும்

தொழில்நுட்பத்தையே அனைத்துக்கும் காரணமாக்கி, அதனைக் கட்டுப்படுத்தும் அரசுகளையும் நிறுவனங்களையும் மக்லூஹன் மறந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டை பிரிட்டிஷ் அறிஞர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் முன்வைத்தார். அது இன்றும் வலுவான விமர்சனமாகவே இருக்கிறது.

1967 இல் மூளைக்கட்டிக்காக அவருக்கு நீண்ட அறுவைச் சிகிச்சை நடந்தது. 1979 செப்டம்பரில் ஏற்பட்ட பக்கவாதம், பேச்சையே தமது கருவியாகக் கொண்டிருந்த அவரது பேச்சாற்றலைப் பெரும்பாலும் பறித்தது. அவர் நடத்திவந்த ஆய்வு மையத்தைப் பல்கலைக்கழகம் 1980 இல் மூடியது. அது பின்னரே புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மக்லூஹன் காலமானார்.

உலகக் கிராமம் என்ற அவரது தொடர், நாடுகளை நெருக்கமாக்கும் நல்லுறவின் பெயராகவே இன்று பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அவர் அதை இன்பமான இடமாகக் கருதவில்லை. கிராமத்தில் ஒருவர் விவகாரத்தில் மற்றவர் தலையிடுவார். இடைவெளி குறையக் குறைய உரசலும் சச்சரவும் பெருகும் என்று அவர் எச்சரித்தார்.

புலம்பெயர் தமிழர்களின் அனுபவத்தோடு இந்த எச்சரிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2009 இல் இலங்கைப் போரின் இறுதி நாட்களை ரொறன்ரோத் தமிழர்கள் தொலைபேசி, செய்மதித் தொலைக்காட்சி, இணையம் வாயிலாகத் தமது வீடுகளில் இருந்தே பின்தொடர்ந்தனர். மே 10 ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் கார்டினர் அதிவேக நெடுஞ்சாலையில் இறங்கி அதை மறித்தனர். வன்னியின் துயரம் கனடிய நகரொன்றின் போக்குவரத்தை நிறுத்தியது. நகரின் ஏனைய மக்களில் ஒரு பகுதியினரிடம் அது சினத்தையும் கிளப்பியது. தொலைவு மறைந்ததால் துயரத்தைத் தடுக்கும் வலிமை எவருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அதை அறியாதிருக்கும் வாய்ப்பு இல்லாமற் போனது. மக்லூஹன் கிராமம் என்ற சொல்லைத் தேர்ந்ததன் பொருள் இதற்கு நெருக்கமானது.